அம்புக்கு இறகு கட்டும் கைத்தொழில்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டங்களில் பெரும்பாலும் கடன் தவணை, விதை, எரு, நெசவு, கறவை மாடு முதலிய விஷயங்களே பேசப்பட்டு வருகின்றன. இன்றைய விஷயமோ அவற்றிற்குச் சற்றுப் புறம்பானது. வேட்டைக்குரிய அம்பை ஒருவர் தம் வீட்டிலேயே செய்துகொள்ளும் விதமும், முக்கியமாக அதன் அடியில் இறகு கட்டும் விதமும் இங்கே விவரிக்கப்படும். “அம்புக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கத் தோன்றலாம். ஒரு கைத்தொழிலில் சிறிய அஜாக்கிரதை எத்துணைப் பெரிய கேட்டை விளைவிக்கும் என்பதையும், பல உருப்படிகள் ஒரே தரமாக இருக்கவேண்டியதன் அவசியத்தையும் இதைக் காட்டிலும் தெளிவாக விளக்கும் தொழில்கள் சிலவே. அந்தச் சம்பந்தம் போகப்போகத் தானே புலப்படும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுதல் தடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இங்கே சொல்லப்படுவது வேட்டைக்கு அழைப்பன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சட்டம் வேறு. அங்கே அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டுப் பெற்று, குறித்த பருவத்தில் மட்டும், மான் முதலியவற்றை வில்லைக் கொண்டு வேட்டையாட இடமுண்டு. கடைகளில் எல்லாவகை அம்பும் விலைக்குக் கிடைப்பினும், தம் அம்பைத் தாமே செய்துகொள்வோர் அந்நாட்டில் உளர். அவர்கள் கையாளும் முறையும், அம்முறை அவர்களுக்குக் கிடைத்த வரலாறுமே இப்பிரசங்கத்தின் பொருளாம்.

இறகின் வேலை

வாலில்லாத பட்டம் குட்டிக்கரணம் போட்டு விழும்; வால் கட்டியவுடன் நிமிர்ந்து நிற்கும். இது சிறுவர் யாவரும் அறிந்த விஷயம். அம்பின் இறகும் ஏறக்குறைய இவ்வேலையையே செய்கிறது. முனையில் இரும்பு அலகு இருப்பதால் பாரம் முன்புறம் நிற்கிறது; அடியில் இறகு இருப்பதால் காற்றின் தடை பின்புறம் நிற்கிறது. அம்பு பறக்கும்போது சிறிது பக்கவாட்டில் திரும்புமாயின், காற்றானது இறகை அழுத்தி, அடிப்பாகத்தை மறுபடியும் முனைக்கு நேர் பின்னே கொண்டுவந்து நிறுத்துகிறது.

இரண்டாவதாக, இறகு அம்பைச் சுழலச் செய்கிறது. பறவையின் சிறகிலுள்ள இறகுக்கு இயற்கையாகவே ஒரு வளைவு உண்டு. அதன் ஒரு முகம் வழுவழுப்பாகவும் மறுமுகம் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும். இதனால் காற்றில் செல்லும் அம்பு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகிறது. தண்டிலோ அலகிலோ சிறு கோணல் இருப்பினும் அது அம்பை ஒரே பக்கமாக இழுத்துச் செல்லாமல் இச்சுழற்சியால் சமப்படுகிறது.

மூன்றாவது வேலை அதிகமானோர் அறியாதது. பழைய மாதிரி மரவில்லில் அம்பு வில்லின் நடுவே செல்வதில்லை. கைப்பிடியின் பக்கத்தை ஒட்டிச் செல்கிறது. நாண் தள்ளும் வேகத்தில் தண்டு இப்புறமும் அப்புறமும் வளைந்து நெளிந்தே வில்லைத் தாண்டுகிறது. 1930-க்குப் பிந்திய வருஷங்களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி அதிவேகப் படமெடுக்கும் கருவியைக் கொண்டு இதனைக் கண்ணாரக் காணும்படி செய்தார். இவ்வாறு தாண்டும்போது இறகு வில்லில் பட்டாலும் மடங்கி, உடனே நிமிர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக்கால் செய்த விறைப்பான தகடாயின் வில்லில் மோதி அம்பைத் திசைமாற்றிவிடும். ஆதலால்தான் எத்தனையோ புதுப்பொருள்கள் வந்தபின்னும் மரவில்லை ஆள்வோர் பறவையின் இறகை விடவில்லை.

குறிப்பலகையில் எய்யும் அம்புக்குச் சிறிய இறகு போதும். வேட்டை அம்பின் அலகோ கத்தி போல் அகன்றது. அந்த அகன்ற அலகே முன்புறத்தில் ஒரு சிறகைப் போல் காற்றைப் பிடித்து, அம்பைத் தன் இஷ்டப்படி திருப்பப் பார்க்கும். அதனை அடக்குவதற்கு அடியில் பெரிய இறகு வேண்டும். சாதாரணமாக மூன்று இறகு வைப்பதானால் ஒவ்வொன்றும் 5 அல்லது 5½ அங்குல நீளமும், நான்கு வைப்பதானால் ஒவ்வொன்றும் சுமார் 4 அங்குல நீளமும் இருப்பது வழக்கம்.

இஷியும் வைத்தியர் போப்பும்

அமெரிக்காவில் வீட்டில் அம்பு செய்யும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் மறுபடியும் பரவியதற்குக் காரணமாயிருந்தவர்களுள் முதன்மையானவர் ஏட்டுக்கல்வி இல்லாத ஒருவர். கலிபோர்னியாவின் வடபாகத்தில் லாஸன் மலையின் அடிவாரத்து ஓடைகளை ஒட்டி யாஹி என்னும் பூர்வகுடிகள் வாழ்ந்து வந்தனர். 1848-இல் அந்நாட்டில் பொன் கண்டுபிடிக்கப்பட்டபின் வெள்ளையர் திரளாக வந்து குடியேறினர். 1860-க்குப் பின் நிகழ்ந்த படுகொலைகளில் யாஹி ஜனங்கள் பெரும்பாலும் மாண்டனர். எஞ்சிய சிலர் மலைச்சரிவுப் புதர்களில் பல வருஷங்கள் மறைந்து வாழ்ந்தனர். அவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைய, கடைசியில் தனியே நின்ற மனிதர் 1911-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ஆம் தேதி ஓரோவில் என்னும் ஊருக்கு அருகில், ஆடுமாடு அறுக்கும் தொட்டியின் பட்டியில், பசியால் மெலிந்த நிலையில் காணப்பட்டார்.

கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த வாட்டர்மன், குரோபர் என்னும் பண்டிதர்கள் அவரை ஸான் பிரான்ஸிஸ்கோ நகரிலிருந்த சர்வகலாசாலைப் பொருட்காட்சிசாலையில் தங்கவைத்தனர். தம் பெயரைத் தாமே பிறரிடம் சொல்லுதல் யாஹி வழக்கத்திற்கு விரோதம். ஆதலின் அவர் மொழியில் ‘மனிதன்’ என்று பொருள்படும் ‘இஷி’ என்ற சொல்லே அவருக்குப் பெயராயிற்று.

பொருட்காட்சிசாலைக்கு அடுத்திருந்த ஆஸ்பத்திரியில் ஸாக்ஸ்டன் போப் என்னும் சஸ்திர வைத்தியர் உத்தியோகத்திலிருந்தார். இஷிக்கு வைத்தியம் செய்யச் சென்ற அவர் நாளடைவில் சிநேகிதரும், அதன்பின் மாணாக்கரும் ஆனார். வில் வளைப்பதையும், அம்பு செய்வதையும், மறைந்திருந்து குறிபார்ப்பதையும் இஷி கற்பிக்க, அவ்வைத்தியர் ஒவ்வொரு செய்கையையும் அளந்தும் எழுதியும் வைத்துக்கொண்டார்.

இஷி அம்பு செய்த விதம் பொறுமைக்கு ஓர் இலக்கணம். ஹேஸல் என்னும் புதர்ச்செடியின் நேரான கிளைகளை வெட்டி, தோலுரித்து, உலரவைப்பார். பின்பு கோணலாயுள்ள இடத்தைத் தணலின்மேல் காட்டிச் சூடேற்றி, விரலால் அழுத்தி நேராக்குவார். மணற்கல் இரண்டின் நடுவே வைத்து உருட்டித் தேய்த்து வழுவழுப்பாக்குவார். இறகைப் பிளந்து, அதன் காம்பைக் கல்லின்மேல் வைத்துக் கால்விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எரிமலைக் கண்ணாடிக்கல்லின் கூரிய சில்லால் சீவி மெலிதாக்குவார். ஒவ்வோர் அம்புக்கும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து மூன்று இறகு எடுப்பார். மானின் தசைநாரை வாயிலிட்டு மென்று இளக்கி, ஒரு நுனியைப் பல்லால் பற்றிக்கொண்டு, கையால் அம்பைச் சுழற்றச் சுழற்ற, அந்நார் இறகின் நுனிகளைச் சுற்றி இறுகிக்கொள்ளும். ஈரநார் உலரும்போது சுருங்கித் தானே பசைபோல் பிடிக்கும். அவர் கையிலிருந்த கருவிகள் கல், எலும்பு, நெருப்பு, பல், கால்விரல் ஆகிய இவையே.

1916-ஆம் வருஷம் மார்ச்சு 25-ஆம் தேதி இஷி க்ஷயரோகத்தால் காலமானார். யாஹி ஜனங்களின் வரலாறு அத்துடன் முடிவுற்றதென்றே அன்று கருதப்பட்டது. ஆனால் அவருடைய தொழில் முடிவுறவில்லை. போப் 1918-இல் யாஹிகளின் வில்வித்தையைப் பற்றியும், 1923-இல் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடுதலைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். அவற்றைப் படித்து ஆயிரக்கணக்கானோர் தம் வீட்டுக் கொட்டகையில் அம்பு செய்யத் தொடங்கினர். அவர் கையாண்டது முற்றிலும் இஷியின் முறையன்று. கடையில் வாங்கிய உருட்டுக் குச்சி, வான்கோழி இறகு, வச்சிரம், எஃகு அலகு ஆகியவற்றைக் கொண்டு அதனை அவர் மாற்றியமைத்துக்கொண்டார். அவ்வகையில் இன்று கையாளப்படும் முறை பின்வருமாறு.

வீட்டில் செய்யும் முறை

முதலாவது, தண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் விளையும் போர்ட் ஆர்போர்டு ஸீடார் என்னும் மரத்தின் உருட்டுக் குச்சிகள் இதற்குப் பேர்போனவை. பர்ச்சு முதலிய மரங்களும் உதவும். ரேகை நுனியிலிருந்து அடிவரை நேராக ஓடவேண்டும். ரேகை பக்கவாட்டில் வெளியேறும் குச்சி, நாணின் வேகத்தில் பிளந்து கையைத் துளைக்கக்கூடும். தண்டின் விறைப்பு வில்லின் பலத்திற்கு ஒத்திருத்தல் வேண்டும். இதைப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு பலகையில் 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அறைந்து, அவற்றின்மேல் குச்சியைக் கிடத்தி, நடுவில் 2 ராத்தல், அதாவது சுமார் 907 கிராம், எடையைத் தொங்கவிடுக. குச்சி எத்தனை அங்குலம் தாழ்கிறதோ, அதனால் 26-ஐ வகுத்தால், எத்தனை ராத்தல் வில்லுக்கு அது ஏற்றது என்பது ஏறக்குறையத் தெரியும். ½ அங்குலம் தாழ்ந்தால் 52 ராத்தல் என்று கணக்கு. அதற்கு மேல் தட்டார் தராசில் ஒவ்வொரு குச்சியையும் நிறுத்து, சமஎடை உள்ளவற்றை ஒன்றுசேர்த்தல் வேண்டும்.

இரண்டாவது, இறகு. சிறகின் நுனிப்புறத்தில் உள்ள நீண்ட பெரிய இறகுகளே தகுந்தவை. வான்கோழி இறகு சிறந்தது. பெருவாத்தின் இறகும் நன்று. கழுகு, பருந்து முதலிய காட்டுப் பறவைகளின் இறகை எடுத்தலும் வைத்திருத்தலும் அமெரிக்காவில் 1918, 1940-ஆம் வருஷத்துச் சட்டங்களால் பொதுவாகத் தடுக்கப்பட்டிருக்கின்றன. ஆதலின் அங்கே வளர்ப்புப் பறவைகளின் இறகே பெரிதும் உபயோகப்படுகிறது. இதில் மறவாமல் கவனிக்கவேண்டிய விதி ஒன்றுண்டு: ஓர் அம்பிலுள்ள இறகுகள் யாவும் ஒரே பக்கத்துச் சிறகினுடையவையாக இருத்தல் வேண்டும். இடச்சிறகாயினும் சரி, வலச்சிறகாயினும் சரி. இரண்டையும் கலத்தல் ஆகாது. கலந்தால் ஓர் இறகு ஒரு பக்கமாகவும் மற்றோர் இறகு எதிர்ப்பக்கமாகவும் சுழற்ற முயன்று, அம்பு தத்தளிக்கும்.

மூன்றாவது, பிளத்தல். இறகின் காம்புக்கு ஒருபுறம் அகன்ற மடலும் மறுபுறம் குறுகிய மடலும் உண்டு. அகன்ற மடலே வேண்டுவது. கூரிய கத்தியால் காம்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அகன்ற பகுதியை எடுத்து, காம்பின் அடியை உப்புக்காகிதத்தில் தேய்த்துத் தட்டையாகவும் ஒரே கனமாகவும் செய்க. ஓரிடத்தில் தடிப்பும் ஓரிடத்தில் மெலிவும் இருந்தால் ஒட்டும்போது இறகு நெளியும். இரு நுனியிலும் சிறிது மடலை நீக்கிக் காம்பை மட்டும் விட்டுவைக்க. அதன்மேல் நூல் சுற்றவேண்டியிருக்கும்.

நான்காவது, இடம் குறித்தல். தண்டின் அடியில் நாண் பொருந்துவதற்காக ஒரு வெட்டு உண்டு. இழுக்கும் விரல்கள் இறகில் படாதபடி, அவ்வெட்டிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளி இறகின் பின்நுனி அமையவேண்டும். மூன்று இறகுகளுள் ஒன்று அவ்வெட்டுக்குக் குறுக்கே, செங்கோணமாக நிற்கவேண்டும். அதுவே தலைமை இறகு. எய்யும்போது அது வில்லுக்கு எதிர்ப்புறம் நோக்கி இருக்கும். மற்ற இரண்டும் சுற்றளவை மூன்று சமபாகமாக்கும் இடங்களில் அமைய வேண்டும். அடையாளத்திற்காகத் தலைமை இறகை வேறு நிறமாக வைப்பதும் உண்டு. மங்கிய வெளிச்சத்திலும் கை தவறாது.

ஐந்தாவது, ஒட்டுதல். இறகின் பருத்த அடி அம்பின் முனையை நோக்கியும், மெல்லிய நுனி நாணை நோக்கியும் இருக்கவேண்டும். மாற்றி வைத்தால் மடலின் மயிர்கள் காற்றை எதிர்த்து நின்று கலைந்துவிடும். இறகின் இயற்கை வளைவு எப்பக்கமோ அப்பக்கமாகவே சிறிது சாய்த்து ஒட்டுவது உத்தமம். மூன்றிலும் சாய்வு சமமாக இருத்தல் வேண்டும். தச்சர் உபயோகிக்கும் வச்சிரம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் நனைந்தால் விட்டுவிடும். ஆதலின் இக்காலத்தார் ஈரத்தைத் தாங்கும் பசைகளையே விரும்புகின்றனர். அவசரப்படுதல் கூடாது. ஓர் இறகு பிடித்து உலர்ந்தபின்பே அடுத்ததற்குக் கை வைத்தல் நன்று.

ஆறாவது, கட்டுதல். பசையை மட்டும் நம்புதல் ஆகாது. இறகின் முன்நுனியைப் பட்டுநூலால் அல்லது சணல்நூலால் நெருங்கச் சுற்றி, முடிச்சு வெளியே தெரியாமல் உள்ளே இழுத்து, அதன்மேல் வார்னிஷ் பூசவேண்டும். இது அழகுக்கன்று. மரவில்லில் அம்பு வில்லைப் பிடித்த கையின்மேலேயே தவழ்ந்து செல்வதும் உண்டு. முன்நுனி சிறிது தூக்கியிருந்தால், அக்காம்பு ஊசியைப்போல் கையில் ஏறிவிடும். பின்நுனிக்கும் அவ்வாறே கட்டு வேண்டும்.

ஏழாவது, கத்தரித்தல். அட்டையில் ஒரு வடிவம் வெட்டிவைத்துக்கொண்டு, எல்லா இறகையும் அதன்படியே கத்தரிக்க வேண்டும். கண்மதிப்பாக வெட்டினால் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் நிற்கும்.

மழையில் நனைந்த இறகு படுத்துவிடும். கசங்கிய இறகைக் கொதிநீரின் ஆவியில் சிறிது நேரம் காட்டினால் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். பூச்சி அரிக்காதபடியும் பார்த்துக்கொள்ளவேண்டும். 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்னும் இங்கிலாந்து தேசத்துப் போர்க்கப்பலில் ஆயிரக்கணக்கான அம்புகள் அகப்பட்டன. அவற்றில் இறகு கட்டியிருந்த பாகத்தில் நூல் சுற்றிய சுவடும், செம்பு கலந்த பச்சைப் பூச்சின் சுவடும் காணப்பட்டன. செப்புக் களிம்பு பூச்சிகளுக்கு ஆகாது. அக்காலத்து வேலைக்காரர் எத்துணை முன்யோசனை உடையவர் என்பது இதனால் விளங்கும்.

பரீட்சையும் பொறுப்பும்

செய்து முடித்த அம்பை நேரே வேட்டைக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் அறிவுடையாரிடம் இல்லை. முதலில் வைக்கோல் பொதியில் கிட்ட நின்று எய்து, அடிப்பாகம் எப்பக்கமாகவேனும் உதறுகிறதா என்று பார்ப்பர். பின்னர், வேட்டை அலகின் எடையே உள்ள மழுங்கிய முனையை மாட்டித் தூரத்தில் எய்வர். கடைசியில் வேட்டை அலகையே மாட்டி எய்து, எல்லாம் ஒரே இடத்தில் சேருகின்றனவா என்று காண்பர். ஒவ்வொரு முறை எய்யுமுன்னும் தண்டைக் காதருகே வைத்து மெல்ல வளைத்துக் கேட்பர். சிறு விரிசலின் ஓசை கேட்டாலும் அவ்வம்பை இரண்டாக ஒடித்தெறிவர். அடுப்புக்கு அன்றி வேறெதற்கும் அது உதவாது.

இத்தனை பிரயாசை எதற்கு? குறிப்பலகையில் அம்பு அரைச்சாண் விலகினால் ஓர் எண் குறையும், அவ்வளவே. காட்டிலோ அந்த அரைச்சாண் விலகல் வேறு கணக்காகும். நெஞ்சில் பாய்ந்த கூரிய அலகு மானை அதிகத் துன்பமின்றி விரைவில் வீழ்த்தும். இறகு சரியில்லாமல் குறுக்கே சாய்ந்து சென்ற அம்பு வயிற்றிலோ தொடையிலோ ஏறும். அம்மான் ஓடி மறைந்து, புதரில் கிடந்து, பல மணி நேரம், சில சமயம் பல நாள், வேதனைப்பட்டுச் சாகும். வேட்டைக்காரனுக்கு இறைச்சியும் இல்லை. விலங்குக்கு எளிய சாவும் இல்லை. கடையில் வாங்கிய அம்பு தவறினால் செய்தவன்மேல் பழிபோடலாம். தானே கட்டிய அம்பு தவறினால் பழிபோட வேறு ஆளில்லை. உப்புக்காகிதத்தில் இன்னும் பத்துத் தரம் தேய்த்திருக்கலாகாதா, அந்த ஓர் இறகை ஒதுக்கிவிட்டிருக்கலாகாதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டியதுதான். ஆகவேதான் நல்ல வேட்டைக்காரர் அம்பு செய்யும் மேஜையிலேயே வேட்டையின் பாதி முடிந்துவிடுகிறதென்று கருதுகின்றனர்.

ஒரே தரம்

நிற்க. ஓர் அம்பு மாத்திரம் மிக நன்றாக அமைந்துவிட்டால் போதுமா? போதாது. அம்பறாத்தூணியில் ஆறு அம்பு இருந்தால் ஆறும் ஒரே எடை, ஒரே விறைப்பு, ஒரே அளவு இறகு உடையனவாய் இருத்தல் வேண்டும். ஐந்து அம்பு நேரே செல்ல, ஆறாவது மட்டும் ஒரு முழம் இடப்புறம் போகுமாயின், அந்த ஆறாவதை எப்பொழுது கை எடுக்குமோ என்ற சந்தேகத்தால் மற்ற ஐந்தின்மேலும் நம்பிக்கை போய்விடும். சுமாரான ஆறு அம்புகள் ஒன்றுபோல் சென்றால், எய்பவன் அதற்கேற்பக் குறியை மாற்றிக்கொள்வான். ஒன்றுக்கொன்று ஒவ்வாத ஆறு நேர்த்தியான அம்புகளால் அவனுக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை.

இவ்வுண்மையை இங்கிலாந்து தேசத்தார் வெகுகாலத்திற்கு முன்னரே அறிந்தனர். லண்டன் நகரில் வில் செய்வோரும் அம்புக்கு இறகு கட்டுவோரும் 1371-இல் தனித்தனித் தொழிற்சங்கங்களாகப் பிரிந்தனர். ஒருவரே இரண்டையும் செய்தால் இரண்டும் கெடும் என்பது அவர்கள் கருத்து. 1417-இல் ஐந்தாம் ஹென்றி அரசர் பல ஜில்லாக்களில் ஒவ்வொரு பெருவாத்தின் சிறகிலிருந்தும் ஆறு இறகு வீதம் சேகரிக்கும்படி உத்தரவிட்டார். குடியானவன் வீட்டுக் கொல்லையில் மேயும் பெருவாத்தின் இறகு, ஒரு தேசத்தின் படைக்கு அவசியமான சரக்காயிற்று. அவ்வாறு பல ஊரிலிருந்தும் பல கைகளிலிருந்தும் வரும் பொருளுக்குத் தரம் பார்த்தல் இன்றியமையாதது.

சங்கத்தின் காரியமும் இதுவே. நெய், வெல்லம், தேன், நெசவுத் துணி ஆகிய எச்சரக்கானாலும், அங்கத்தினர் பலருடைய பொருளை ஒன்றுசேர்த்து ஒரே முத்திரையின்கீழ் விற்பதே கூட்டு விற்பனையாம். வாங்குகிறவன் நூறு டின்களில் ஒன்றைத் திறந்து பார்த்துத்தான் மற்றத் தொண்ணூற்றொன்பதையும் நம்புகிறான். ஓர் அங்கத்தினர் ஈரம் உலராத வெல்லத்தைச் சேர்த்துவிட்டால், இடச்சிறகும் வலச்சிறகும் கலந்த அம்பைப்போல் சங்கத்தின் பெயர் முழுதும் தத்தளிக்கும். இந்தியாவில் 1937-ஆம் வருஷத்து விவசாய விளைபொருள்களைத் தரம் பிரித்து முத்திரையிடும் சட்டமும், அதன்கீழ் வழங்கும் அக்மார்க் முத்திரையும் இந்த நம்பிக்கையைக் காப்பதற்கே ஏற்பட்டன. ஆனால் முத்திரை மட்டும் தரத்தை உண்டாக்காது. பலகையும் இரண்டு ஆணியும் ஒரு தட்டார் தராசும் வைத்துக்கொண்டு தன் குச்சியைத் தானே சோதித்து, ஒவ்வாததை ஒதுக்கும் மனத்திட்பமே தரத்தை உண்டாக்கும். சரக்கைச் சங்கத்துக்கு எடுத்துவருமுன் அங்கத்தினர் தம் வீட்டிலேயே அவ்வாறு சோதித்தல் உசிதம். சங்கத்தின் களஞ்சியத்தில் ஒதுக்கப்படுவதைவிட வீட்டுத் திண்ணையில் ஒதுக்கப்படுவது நஷ்டமும் குறைவு, மானக்கேடும் குறைவு.

கவனிக்கவேண்டிய விஷயம் இன்னும் ஒன்று. இஷியின் கையிலிருந்த தொழில் அவருடன் அழிந்துபோகாமல் காத்தது, அடுத்த கட்டடத்தில் இருந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, அளந்து, எழுதிவைத்த அந்தச் சிறு காரியமே. அவர்கள் பழகியது நான்கு வருஷத்திற்கும் உட்பட்ட காலமே. அதற்குள் கற்கக்கூடியது கற்கப்பட்டது. கிராமங்களிலும் முதியோர் சிலரிடம் மட்டுமே எஞ்சி நிற்கும் தொழில்கள் உண்டு. கூடை முடைதல், கிணற்றுக்கு இடம் பார்த்தல், விதையைப் பூச்சி அணுகாமல் வைத்தல், சாயமிடுதல் போன்றவற்றில் அவர்கள் கைக்குத் தெரிந்தது ஏட்டில் ஏறியிருப்பதில்லை. ஒவ்வொரு சங்கமும் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்து, எழுதப்படிக்கத் தெரிந்த வாலிபர் ஒருவரை அம்முதியோரிடம் அனுப்பி, அளவு, பக்குவம், பருவம் முதலியவற்றை விவரமாகக் குறித்துவைக்கச் செய்தல் நலம். இதற்குச் செலவு அற்பம். தாமதித்தால் வரும் நஷ்டமோ எந்தக் கடன் வாங்கியும் ஈடுசெய்ய முடியாதது.

ஆகவே அங்கத்தினர்களே, இப்பிரசங்கத்தின் சாரம் இரண்டே: கையால் செய்வது எதுவாயினும் ஒன்றுபோல் ஒன்று செய்க, கைக்குத் தெரிந்தது எதுவாயினும் இன்னொரு கைக்குக் கொடுத்துச் செல்க. அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும்போது அந்த நோட்டுப் புஸ்தகத்தின் முதல் பக்கமாவது எழுதப்பட்டிருக்குமாயின், அதுவே இன்று கூடியதன் பயனாகும்.